சிப்பாய் ஏன் ஓடுகிறான்?

ராமுத்தாய்க்கு ஒரு விஷயம் மட்டும் பிடிபடவே இல்லை.

பரோட்டா மாஸ்டர் இரும்புக் கல்லில் கரண்டியால் ணங்கென்று தட்டினால் சிப்பாய் பயப்படுவதில்லை. பித்தளை வாளி தரையில் உருண்டால் பயப்படுவதில்லை. லாரி ஹாரன் அடித்தால் காதைக்கூட அசைப்பதில்லை. ஆனால் எல்லாரும் சாப்பிட்டு முடித்து, கடையே அமைதியாக இருக்கும் நேரத்தில், திடீரென்று துள்ளி எழுந்து ஓடுகிறான். எதைக் கண்டு ஓடுகிறான்?

சிப்பாய் அவளுடைய நாய். சிப்பிப்பாறை இனம். ஒட்டிய வயிறு, நீண்ட கால், கூர்மையான முகம். அவனுடைய வலது காதில் நுனி மட்டும் இருக்காது. குட்டியாக இருந்தபோது ஒரு தீபாவளியில், தெருப்பிள்ளைகள் அவன் பக்கத்தில் ஓலைவெடியைக் கொளுத்திப் போட்டுவிட்டார்கள்.

அணா போய் நயா பைசா வந்த மறுவருஷம் அது. ராமுத்தாய்க்குப் பதினொரு வயது. வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவளுடைய ஊர். அவளுடைய அய்யா பெத்தணன் ஞாயிற்றுக்கிழமைதோறும் மாட்டுவண்டியில் மிளகாய் வற்றல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சிவகாசிக்குப் போவார். ராமுத்தாய் மூட்டைமேல் உட்கார்ந்து வருவாள். சிப்பாய் வண்டிக்கு அடியில், வண்டியின் நிழலிலேயே ஓடி வருவான். வண்டி நகர்ந்தால் நிழல் நகரும். நிழல் நகர்ந்தால் சிப்பாயும் நகர்வான். அப்படியே சிவகாசி வந்துவிடும்.

சரக்கை இறக்கியதும் மூன்று பேரும் சண்முகவேல் அண்ணாச்சியின் கிளப்புக் கடைக்குச் சாப்பிடப் போவார்கள். சாப்பாட்டுக் கடையை அப்போதெல்லாம் கிளப்புக் கடை என்றுதான் சொல்வார்கள். மூன்று பேர் என்றால் அய்யா, ராமுத்தாய், சிப்பாய்.

மற்ற கடைகளில் நாயைக் கண்டாலே கரண்டியைத் தூக்குவார்கள். அண்ணாச்சியின் கடை அப்படி இல்லை. உள்ளே மேசை போட்ட அறை ஊர்க்காரர்களுக்கு. வெளியே கல்தூண்கள் நட்டு, மேலே ஓலை வேய்ந்த பந்தல் வண்டிக்காரர்களுக்கு. அங்கே நான்கு நீள பெஞ்சுகள் கிடந்தன. வண்டிக்காரர் பெஞ்சின்மேல் உட்காருவார், அவருடைய நாய் பெஞ்சின்கீழ் படுக்கும். அவருக்கு ஓர் இலை, நாய்க்கு ஓர் இலை. பிய்ந்துபோன பரோட்டாக்களைச் சேர்த்து வைத்திருந்து நாய்களுக்குப் போடுவார்கள். நாய் இலையைத் தாண்டி வரக் கூடாது. அதுதான் சட்டம்.

ஒரு வருஷமாக சிப்பாய் அந்தச் சட்டத்தை மீறியதே இல்லை. ஆனால் இந்தப் பங்குனி மாதம் பிறந்ததிலிருந்து நிலைமை மாறிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது இதுதான்.

மாஸ்டர் சுடச்சுட ஐந்து பரோட்டாக்களை அடுக்கி, இரண்டு பக்கமும் உள்ளங்கையால் பட் பட்டென்று அடித்தார். அப்படி அடித்தால்தான் பரோட்டா இதழ் இதழாகப் பிரியும். ராமுத்தாய் பெஞ்சின்கீழ் குனிந்து பார்த்தாள். சிப்பாய் வாலை ஆட்டினான். அந்தச் சத்தம் அவனுக்குப் பிடித்த சத்தம்.

சாப்பாடு முடிந்தது. பின் பெஞ்சில் அய்யாதுரை பெரியப்பா ஒரு நீண்ட ஏப்பம் விட்டார். அவர் அச்சாபீசுகளுக்குக் காகிதக் கட்டு ஏற்றும் வண்டிக்காரர்.

"என்ன அய்யாதுரை, நம்ம கடை பேரு போட்டு அடிச்ச லேபிளைப் பார்த்தீகளா? படம் எப்படி?" என்று கல்லாவிலிருந்து அண்ணாச்சி கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஆனா கிளி எதுக்கு நிலாவைக் கொத்துது?"

"அது நிலா இல்லவே! பரோட்டா!"

பந்தலே சிரித்தது. ராமுத்தாயும் சிரித்தாள். அதே நொடியில் பெஞ்சுக்கு அடியில் சிப்பாயின் உடம்பு கிடுகிடுவென்று நடுங்கியது. அவள் குனிவதற்குள் அவன் பாய்ந்துவிட்டான்.

நேரே போய் முத்துக்கருப்பனின் கால்களுக்கு நடுவில் புகுந்தான். பரிமாறுகிற முத்துக்கருப்பன் கையில் ஒரு வாளி நிறைய சால்னா இருந்தது. வாளி பறந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த காலண்டர் கம்பெனிக்காரரின் வெள்ளை வேட்டி, முழங்காலுக்குக் கீழே சிவப்பு வேட்டி ஆனது.

நல்லவேளை, சால்னா ஆறிப்போயிருந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்து வந்தார். அவர் கத்தவில்லை. அதுதான் ராமுத்தாய்க்கு இன்னும் பயமாக இருந்தது.

"பெத்தணா, இதோட மூணு வாரம் ஆச்சு. மொத வாரம் இலையை இழுத்துட்டு ஓடுனான். போன வாரம் பெஞ்சைக் கவுத்தான். இன்னைக்கு நல்ல ஆளு வேட்டி போச்சு. கொதிக்கிற சால்னாவா இருந்திருந்தா?"

அய்யா தலை குனிந்து நின்றார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை ஒரு தடவை பாப்பேன். அன்னைக்கும் ஓடுனான்னா, இனிமே எந்த நாயும் இந்தப் பந்தலுக்குள்ள வரக் கூடாது. உன் நாய் மட்டுமில்ல. எந்த நாயும்."

மற்ற பெஞ்சுகளின் அடியில் இருந்த நாய்கள் ஒன்றும் புரியாமல் இலையை நக்கிக்கொண்டிருந்தன. அவற்றின் சொந்தக்காரர்கள் ராமுத்தாயைப் பார்த்தார்கள்.

திரும்பி வரும் வழியில் அய்யா வண்டியை மெதுவாக விட்டார். பிறகு சொன்னார்: "வீட்டுல கட்டிப்போட்டா அத்துக்கிட்டு ரோட்டுல ஓடி வர்றான். அன்னைக்கு லாரியில அடிபடப் பாத்தான். கடைக்கும் ஆகலேன்னா வேற வழியில்ல தாயி. ஏழாயிரம்பண்ணையில உங்க மாமன் காவலுக்கு ஒரு நாய் கேட்டுக்கிட்டே இருக்கான். அவன்கிட்ட விட்டுருவோம்."

இருளாண்டி மாமா வேலை பார்ப்பது பட்டாசுக் கம்பெனியில். அங்கே தினமும் உச்சி வேளையில் வெடிகளைக் கொளுத்திச் சோதித்துப் பார்ப்பார்கள்.

"அய்யா, அங்கன வெடிச் சத்தம் கேக்குமே!"

"பழகிரும்" என்றார் அய்யா. ஆனால் அவளைத் திரும்பிப் பார்க்காமல்தான் சொன்னார்.

ஒரு வாரம் இருந்தது. ஏழு நாளுக்குள் சிப்பாய் எதைக் கண்டு ஓடுகிறான் என்று கண்டுபிடிக்க வேண்டும். கடையில் இருக்கிற ஒவ்வொன்றையும் வீட்டில் செய்து பார்ப்பது என்று ராமுத்தாய் முடிவு செய்தாள்.

திங்கட்கிழமை சிப்பாயின் பக்கத்தில் நின்று பட் பட்டென்று கை தட்டினாள். அவன் பரோட்டா வரும் என்று நாக்கைத் தொங்கப் போட்டான்.

செவ்வாய்க்கிழமை பித்தளைச் சொம்பைத் தரையில் போட்டாள். அவன் அதை மோந்து பார்த்தான். உள்ளேயிருந்து அம்மா முத்துமாரியம்மாளின் குரல் வந்தது. "ஏ புள்ள! சொம்பு நசுங்குச்சுன்னா உன் முதுகையும் நசுக்கிருவேன்!"

புதன்கிழமை அய்யாவைப் போலவும் அய்யாதுரை பெரியப்பாவைப் போலவும் ஏப்பம் விட்டுப் பார்த்தாள். சிப்பாய் கொட்டாவி விட்டான்.

வியாழக்கிழமை மசாலா வாசனை. ஒரு சட்டிக் குழம்பு காலியானதுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அம்மா அடுப்பு மூட்டப் போனாள். ஒரு காய்ந்த வரட்டியை ராமுத்தாயின் கையில் கொடுத்து, "சோலையம்மா வீட்டுல தீ வாங்கிட்டு வா" என்றாள். அந்தத் தெருவில் அதுதான் வழக்கம். ஒரு வீட்டில் அடுப்பு எரிந்தால் போதும். மற்ற வீடுகள் வரட்டியிலோ தேங்காய் நாரிலோ அங்கிருந்து தீ வாங்கிக்கொள்ளும்.

ராமுத்தாய் புகைகிற வரட்டியைச் சுமந்துகொண்டு வந்தாள். சிப்பாய் அவள் காலை உரசிக்கொண்டே கூட நடந்தான். பயப்படவே இல்லை. அவனைப் பார்த்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

வழியில் இருந்த டீக்கடையில் வண்டி நின்றது. அய்யா டீ குடித்துவிட்டு, கடைத் தூணில் தொங்கிய நார்க்கயிற்றின் புகையும் நுனியில் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். சிப்பாய் அவர் காலடியிலேயே கண்ணை மூடிப் படுத்திருந்தான்.

'இங்கே மட்டும் எப்படிப் படுத்திருக்கிறான்?' என்று ராமுத்தாய் நினைத்தாள். பதில் கிடைப்பதற்குள் வண்டி புறப்பட்டுவிட்டது.

அண்ணாச்சியின் கடை வாசலில் இருளாண்டி மாமா நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் ஏதோ கனமாகக் கிணுகிணுத்தது. அது ஒரு நாய்ச் சங்கிலி.

"வா மருமகளே! ரெண்டு மணி பஸ்சுக்கு நான் திரும்பணும். இன்னைக்கு இவன் என்கூட வர்றானா, இல்லையா?"

"வர மாட்டான் மாமா" என்றாள் ராமுத்தாய்.

பந்தலுக்குள் போனார்கள். எல்லாருடைய கண்ணும் சிப்பாய்மேல்தான் இருந்தது. முத்துக்கருப்பன் சால்னா வாளியை மூன்று அடி தள்ளியே தூக்கிக்கொண்டு நடந்தான். "நாயே, உனக்கும் எனக்கும் ஒரு பகையும் கிடையாது. தெரிஞ்சுக்கோ" என்று போகிற போக்கில் சொன்னான்.

ராமுத்தாய் பெஞ்சில் உட்காரவில்லை. தரையில் சிப்பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரு யோசனை வந்திருந்தது. இத்தனை நாளும் அவன் எப்போது ஓடுகிறான் என்றுதான் பார்த்தாள். இன்றைக்கு அவன் காது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். நாய்க்குச் சத்தம் வருகிற திசையில் காது தானாகத் திரும்பும். நாம் விரலை நீட்டிக் காட்டுவதுபோல, அது காதை நீட்டிக் காட்டும்.

மாஸ்டர் பரோட்டா அடித்தார். காது அந்தப் பக்கம் திரும்பியது. வால் ஆடியது. சரி.

தெருவில் லாரி போனது. காது தெருப்பக்கம் திரும்பியது. மறுபடி இலைக்கு வந்தது. சரி.

சாப்பாடு முடிந்தது. வண்டிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். பந்தல் அமைதியானது. இந்த நேரம்தான். அவள் சிப்பாயின் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டாள்.

இரண்டு காதுகளும் ஒரே வெட்டாகப் பின்பக்கம் திரும்பின. நுனி இல்லாத காதும்கூட.

கலகல.

மிகச் சின்னச் சத்தம். சிப்பாயின் உடம்பு நடுங்கத் தொடங்கியது. ராமுத்தாய் காது காட்டிய திசையில் பார்த்தாள். அங்கே அய்யாதுரை பெரியப்பா வாயில் சுருட்டு வைத்திருந்தார். ஒரு தீப்பெட்டியைக் காதோரம் குலுக்கி, குச்சி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெட்டியைத் திறந்தார். ஒரு குச்சியை எடுத்தார்.

"பெரியப்பா! உரசாதீக!"

அவர் கை அப்படியே நின்றது. ஆனால் பக்கத்து பெஞ்சில் வேறொருவர் சர்ரென்று உரசிவிட்டார். சிப்பாய் ஒரு முழம் எகிறினான். ராமுத்தாய் இரண்டு கையாலும் அவனைக் கட்டிக்கொண்டாள். அவன் அவளையும் இழுத்துக்கொண்டு பெஞ்சின் கால்வரை போனான். முழங்கை சிராய்த்தது. அவள் விடவில்லை.

"ஆத்தாடி!" என்று முத்துக்கருப்பன் வாளியோடு சுவரில் ஒட்டிக்கொண்டான்.

அண்ணாச்சி எழுந்து வந்தார். "போதும் பெத்தணா. நான் சொன்னது சொன்னதுதான்."

இருளாண்டி மாமா பையிலிருந்து சங்கிலியை எடுத்தார்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு நிமிஷம்! எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தீப்பெட்டிதான்!" என்று ராமுத்தாய் கத்தினாள்.

"தீப்பெட்டியா? தீப்பெட்டிக்கு எந்த நாயாவது பயப்படுமா?"

"காட்டுறேன். பெரியப்பா, உங்க பெட்டியைக் குடுங்க. அண்ணாச்சி, நீங்க ஒரு புதுப்பெட்டி குடுங்க."

அண்ணாச்சி சந்தேகத்தோடு கல்லாவிலிருந்து ஒரு புதுப்பெட்டியை எடுத்துக் கொடுத்தார். கிளி கொத்துகிற லேபிள் பளபளத்தது. ராமுத்தாய் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். சிப்பாயை அய்யா பிடித்துக்கொண்டார். பெட்டிகள் அவன் கண்ணுக்குத் தெரியாது. முதலில் புதுப்பெட்டியைக் குலுக்கினாள். முழுப் பெட்டியில் குச்சிகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். அசைய இடமில்லாததால் சத்தம் வராது. சிப்பாய் சும்மா நின்றான்.

அடுத்து அய்யாதுரை பெரியப்பாவின் பாதிப் பெட்டியைக் குலுக்கினாள்.

கலகல.

சிப்பாயின் வால் கால்களுக்கு நடுவில் ஒடுங்கியது.

அய்யாதுரை பெரியப்பா மெதுவாகச் சொன்னார்: "அட! ஆமாவே!"

நமக்குத் தீக்குச்சி உரசுவது ஒரு சத்தமே இல்லை. அது எப்படி எரிகிறது தெரியுமா? குச்சியின் தலையில் ஒரு மருந்து. பெட்டியின் பக்கவாட்டில் வேறொரு மருந்து. இரண்டும் ஒன்றோடொன்று உரசும்போதுதான் தீ பிறக்கிறது. அதனால்தான் அந்தக் குச்சியை வெறும் சுவரில் உரசினால் பற்றுவதில்லை. உரசும்போது சர்ரென்று வருகிறதே, அதை நாம் கேட்டுக் கேட்டுக் கேட்காமலே போய்விட்டோம். சிப்பாய்க்கோ ஒரு தீபாவளி நினைவில் இருந்தது. அன்றைக்கு எல்லாம் வரிசையாக நடந்தது. முதலில் கலகல. அப்புறம் சர்ர். அப்புறம் டமார்.

அவன் தீக்குச்சிக்குப் பயப்படவில்லை. அதற்கு அடுத்து வரப்போவதற்குப் பயந்தான்.

"தீக்குச்சிக்கே இந்த நடுக்கம்னா, எங்க கம்பெனியில இவன் ஒரு நாளு தாங்க மாட்டானே" என்றார் இருளாண்டி மாமா. சங்கிலி பிடித்திருந்த கை கொஞ்சம் தாழ்ந்தது. ஆனாலும் அவர் அதைப் பைக்குள் போடவில்லை. அய்யாவைப் பார்த்தார்.

"அப்ப என்ன செய்ய? சாப்பிட்டவுக புகை பிடிக்காம இருப்பாகளா?" என்று கேட்டார் அய்யா.

"முன்னாடி ஏன் ஓடல?" என்று அண்ணாச்சி திருப்பிக் கேட்டார். "ஒரு வருஷமா இங்கனதான சாப்பிட்டான். அப்பவும் எல்லாரும் பீடி குடிச்சுக்கிட்டுத்தான் இருந்தாக!"

நல்ல கேள்வி. ராமுத்தாயும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வை பந்தலின் கல்தூணுக்குப் போனது. தூணில் ஒரு பழைய ஆணி இருந்தது. ஆணிக்குக் கீழே, கல்லில் நீளமாக ஒரு கரிக்கோடு.

டீக்கடைத் தூண் நினைவுக்கு வந்தது. சோலையம்மாள் வீட்டு வரட்டி நினைவுக்கு வந்தது. அங்கெல்லாம் தீ இருந்தது. உரசல் இல்லை.

"அண்ணாச்சி, இங்கன ஒரு கயிறு தொங்குமே, எங்க?"

அண்ணாச்சி கொஞ்சம் கூச்சத்தோடு தாடையைச் சொறிந்தார். "பங்குனி பொறக்கவும் கழட்டிட்டேன். கடைப் பேரு போட்டு லேபிள் அடிச்சேன்ல. ஆளுக்கு ஒரு தீப்பெட்டி இலவசம். பின்ன என்ன புள்ள? ஊருக்கெல்லாம் தீப்பெட்டி அனுப்புற ஊரு இது. இங்கன கயித்தைத் தொங்கவிட்டு ஒக்காந்திருந்தா மதுரைக்காரன் சிரிக்க மாட்டானா?"

"கயித்தைத் திரும்ப மாட்டுங்க அண்ணாச்சி."

"மாட்ட மாட்டேன். ஆயிரம் பெட்டி அடிச்சு வச்சிருக்கேன்!"

அவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது. அந்தக் கிளிப்படம் அவருக்கு எவ்வளவு பிடிக்கும் என்று ராமுத்தாய்க்குப் புரிந்தது. அதைக் கேலி செய்தால் அவர் மாறமாட்டார். அவள் கையிலிருந்த இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பாதிப் பெட்டியின் லேபிள் கைபட்டு அழுக்காகி, ஓரம் கிழிந்து கிடந்தது.

"அண்ணாச்சி, இங்கன உக்காந்திருக்கவுகளுக்கு உங்க கடை பேரு முன்னாலயே தெரியும்ல? அவுகளே உரசி, தீந்ததும் பெட்டியை இங்கனயே தூரப் போட்டுட்டுப் போறாக. கிளியை வேற யாரு பாக்குறா?"

அண்ணாச்சி பாதிப் பெட்டியைக் கையில் வாங்கினார்.

"வண்டி ஏறும்போது முழுப் பெட்டியா குடுங்க. எங்கய்யா கொண்டு போனா எங்கம்மா மாடத்துல வைப்பா. தீ வாங்க வர்றவுக எல்லாரும் பாப்பாக. பெரியப்பா சாத்தூருக்குக் கொண்டு போவாரு. மாமா ஏழாயிரம்பண்ணைக்கு..."

"நான் கம்பெனிக்குள்ள கொண்டு போக முடியாது மருமகளே. தீப்பெட்டின்னா வாசல்லயே புடுங்கிருவாக" என்றார் மாமா அவசரமாக. "வீட்டுக்குன்னா கொண்டு போவேன்."

அண்ணாச்சி லேபிளைத் தடவிப் பார்த்தார். பிறகு, "நாய்க்குப் பேச வந்த புள்ள என் கடைக்குப் பேசுது. ஏலே கருப்பா, அந்தப் பழைய கயிறு எங்க?" என்றார்.

"கெணத்து வாளியில கட்டியிருக்கேன் அண்ணாச்சி."

"கழட்டிட்டு வா!"

தூரத்தில் பஸ் நிலையத்தின் பக்கம் ஒரு ஹாரன் கேட்டது. மாமா தலையை நீட்டிப் பார்த்தார். "ரெண்டு மணி வண்டிதான். பத்து நிமிஷம் நிப்பான்."

"பத்து நிமிஷத்துல இவன் நிம்மதியா இருக்கான்னு தெரியணும்" என்றார் அய்யா. "இல்லேன்னா எனக்கு வேற போக்கு இல்ல."

முத்துக்கருப்பன் கிணற்றுக் கயிற்றோடு ஓடி வந்தான். அடுப்பில் அதன் நுனியைக் காட்டினார்கள். உஸ்ஸென்று சீறிவிட்டு அணைந்துபோனது. மறுபடி காட்டினார்கள். மறுபடியும் உஸ்ஸ். ஒரு மாதம் கிணற்றில் ஊறிய கயிறு. வெயிலில் இரண்டு நாள் காய்ந்தாலும் எரியாது.

"எங்க வண்டிக் கயிறு!" என்று ராமுத்தாய் ஓடினாள். மிளகாய் மூட்டை கட்டுகிற தடித்த நார்க்கயிறு. நன்றாகக் காய்ந்தது. நான்கு முழ நீளத்துக்கு வெட்டி அடுப்பில் காட்டியதும் குப்பென்று பற்றியது. சுடரை ஊதி அணைத்தாள். நுனியில் சிவப்புக் கங்கு நின்றது.

"ஜெயிச்சாச்சு!" என்றான் முத்துக்கருப்பன். அடுத்த நொடி தும்மினான்.

அய்யா இருமினார். மாமா இருமினார். மாஸ்டர் மாவை விட்டுவிட்டு வெளியே ஓடினார். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கண்ணில் நீர் வழிய எழுந்து வந்தார்கள். சிப்பாய் ஒன்பது தடவை தும்மினான். கயிற்றின் ஒவ்வொரு நாரிலும் வருஷக்கணக்கான மிளகாய்த் தூள்!

"அணை! அணை! ஊரையே கொன்னுருவ போலருக்கு!" என்று அண்ணாச்சி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கத்தினார்.

முத்துக்கருப்பன் கயிற்றை மாட்டுத் தொட்டியில் அமுக்கினான். புகை அடங்கியது. ஹாரன் மறுபடி கேட்டது. ஐந்து நிமிஷம்தான் இருக்கும். ராமுத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். ஈரம் ஆகாது. மிளகாய் ஆகாது. காய்ந்திருக்க வேண்டும், சுத்தமாகவும் இருக்க வேண்டும்.

"பெரியப்பா! நீங்க காகிதக் கட்டுதான ஏத்துறீக?"

அய்யாதுரை பெரியப்பா சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "ஆமா."

"காகிதம் நனையக் கூடாது. அழுக்கும் ஆகக் கூடாது. அப்ப உங்க கயிறு?"

அவர் தன் வண்டிக்குப் போய், இடுப்புக் கத்தியால் மூன்று முழம் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தார்.

இந்தக் கயிறு அமைதியாகப் பற்றியது. சுடரை ஊதினாள். கங்கு நின்றது. தீயிருக்கும் நுனி கீழே வரும்படி ஆணியில் தொங்கவிட்டார்கள். சூடு எப்போதும் மேலே ஏறும். கீழ்நுனியில் தீ இருந்தால், அதன் சூடு மேலே உள்ள நாரை முன்கூட்டியே காயவைத்துவிடும். அதனால் கங்கு அணையாமல், சுடராகவும் எரியாமல், எறும்பு ஊர்வதுபோல மெதுவாக மேலே ஏறும்.

"மேல ஓலைப் பந்தல் இருக்கே" என்றார் அண்ணாச்சி.

"கல்தூண்ல தான தொங்குது அண்ணாச்சி. கீழ ஒரு சட்டியில மணல் வச்சிட்டா சாம்பல் அதுல விழுந்துரும். ராத்திரி கடை அடைக்கும்போது நுனியை மணல்ல அமுக்கிருங்க."

முத்துக்கருப்பன் ஒரு மண்சட்டியைக் கொண்டுவந்து வைத்தான்.

சிப்பாயை அவனுடைய பெஞ்சுக்கு அடியில் உட்கார வைத்தார்கள். அண்ணாச்சியே ஒரு பிய்ந்த பரோட்டாவை எடுத்து அவன் இலையில் போட்டார். பிறகு எல்லாரும் அய்யாதுரை பெரியப்பாவைப் பார்த்தார்கள்.

அவர் எழுந்தார். பெஞ்சு கிறீச்சிட்டது. சிப்பாயின் காது திரும்பியது. அவர் தூணை நோக்கி நடந்தார். காது அவர் கூடவே நகர்ந்தது. ராமுத்தாய் அவனைப் பிடிக்கவில்லை. பிடித்தால் சோதனை ஆகாது. கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டாள்.

பெரியப்பா குனிந்தார். சுருட்டின் நுனியைக் கங்கில் வைத்தார். உறிஞ்சினார். புகை வந்தது.

எந்தச் சத்தமும் இல்லை.

சிப்பாயின் காது கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு மெல்ல மடிந்தது. அவன் தலையைக் குனிந்து பரோட்டாவைத் தின்னத் தொடங்கினான்.

அடுத்தவர் எழுந்து போய்ப் பற்றவைத்தார். அதற்கடுத்து இன்னொருவர். சிப்பாய் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பஸ் கடைசி ஹாரன் அடித்தது. இருளாண்டி மாமா சங்கிலியை மஞ்சள் பைக்குள் போட்டார். அண்ணாச்சி அவர் கையில் ஒரு முழுத் தீப்பெட்டியைக் கொடுத்தார். மாமா லேபிளைப் பார்த்துக்கொண்டே ஓடினார்.

"அண்ணாச்சி, நிலா அழகா இருக்கு!" என்று தெருவிலிருந்து குரல் வந்தது.

"அது பரோட்டாவே!"

அய்யா ராமுத்தாயின் சிராய்த்த முழங்கையில் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். பிறகு ஒரு பரோட்டா வாங்கி இரண்டாகப் பிய்த்தார். ஒரு பாதி அவளுக்கு, ஒரு பாதி சிப்பாய்க்கு.

அதற்குப் பிறகு அந்தப் பந்தலில் தீக்குச்சி யாரும் உரசவில்லை. கல்தூணில் பழைய ஆணி, ஆணியில் மிளகாய் படாத காய்ந்த நார்க்கயிறு, கயிற்றின் கீழ்நுனியில் கங்கு, கங்குக்குக் கீழே மணல் சட்டி. கிளிப்படம் போட்ட தீப்பெட்டி, வண்டி ஏறும்போது, முழுசாக.